மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்குள் மாடர்ன் இன்டீரியர்: முதலில் ஓதம், அப்புறம்தான் டிசைன்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். திருவல்லிக்கேணியில் தாத்தா 1930-களில் கட்டிய வீடு, கீழும் மாடியுமாக இரண்டு தளம், மேலே மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய பாணிக் கூரை), நடுவில் சின்ன முற்றம், இரண்டு பக்கமும் பொதுச் சுவர். குடும்பத்தோடு அங்கேயே திரும்பிப் போய் இருக்க ஆசை, ஆனால் உள்ளே இன்றைக்குக் கட்டுகிற வீட்டின் வசதியும் அழகும் வேண்டும். இன்டீரியர் டிசைனர் ஒருவர் ஃபால்ஸ் சீலிங், வால் பேனல், விட்ரிஃபைட் டைல்ஸ், மாடுலர் கிச்சன், முற்றத்துக்கு மேலே கண்ணாடி என்று வரைந்து கொடுத்திருக்கிறார். பொறியாளர் ஒருவர் எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இருவரையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். வீடு நிற்கிற நிலையில் இருந்தால் இடிக்கத் தேவையே இல்லை, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே சொல்கிறேன். இன்றைய பாணியில் உள்ளலங்காரமும் தாராளமாகச் செய்யலாம், அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது, பழைய வீடு என்றால் பித்தளைக் குத்துவிளக்கும் ஊஞ்சலும் வைத்து அருங்காட்சியகம் ஆக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் டிசைனர் வரைந்திருக்கிற ஐந்தில் நான்கு அந்த வீட்டின் சுவரையும் கூரையையும் மூடி அடைக்கிற வேலைகள். சுண்ணாம்பில் கட்டிய வீட்டை அடைத்தால் அது உள்ளுக்குள்ளேயே அழுகும். பழைய வீட்டு வேலைகளிலேயே இருப்பவன் என்பதால் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சுவரிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்கள் வீட்டுச் சுவர் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி கனத்தில் இருக்கும், நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் பல வீடுகளில் ஈரத்தைத் தடுக்கிற படுகை எதுவும் கிடையாது, அதனால் மண்ணிலிருக்கிற ஈரம் செங்கல் வழியாக ஓரளவு மேலே ஏறத்தான் செய்யும். ஏறினாலும் அது சுவரின் இரண்டு பக்கமும் ஆவியாகிப் போய்விடும், ஏனென்றால் சுண்ணாம்புக் காரையும் அதன் மேல் அடித்த வெள்ளையும் ஆவியை வெளியே விடும். ஏறுகிற ஈரமும் போகிற ஈரமும் சமமாக இருக்கிற வரைக்கும் வீட்டுக்குள் இருப்பவருக்கு ஓதம், அதாவது சுவரில் ஏறுகிற ஈரம், தெரியவே தெரியாது. எண்பது தொண்ணூறு வருடம் இந்தக் கணக்கில்தான் அந்தச் சுவர் நின்றிருக்கிறது.

இப்போது என்ன நடக்கும்? எங்கோ ஓர் இடத்தில் காரை உதிர்ந்திருக்கும், மேஸ்திரி வந்து "பழசு எல்லாம் கொட்டிட்டு சிமெண்ட் பூசிடலாம், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பார். சிமெண்ட் பூச்சு கெட்டியானது, ஆவியை அவ்வளவு சுலபத்தில் வெளியே விடாது. அதன் மேல் புட்டி, ப்ரைமர், பிளாஸ்டிக் எமல்ஷன். நனைந்த சட்டைக்கு மேல் ரெயின்கோட் போட்டுப் பொத்தான் மாட்டிய மாதிரி ஆகிவிடும். ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்புக்கும் தோளுக்கும் வரும். கூடவே மண்ணிலிருந்து வருகிற உப்பு, பெயிண்டுக்குப் பின்னால் காய்ந்து படிகமாகும்போது பெயிண்டைத் தள்ளும், கடைசியில் மெத்தென்ற அந்தப் பழைய செங்கல்லின் முகத்தையே பொரித்து மாவாக உதிர்த்துவிடும். உடனே வீட்டுக்காரர் இன்னும் கெட்டியான வாட்டர்ப்ரூஃப் பூச்சு வாங்குவார். அதுவும் இரண்டு மழைக்குத்தான். இப்போது வால் பேனல் கேட்கிறார்கள் என்றால் பெரும்பாலும் இந்த ஓதத்தை மறைக்கத்தான். பேனலுக்குப் பின்னால் பூஞ்சையும் கரையானும் சேர்ந்து வாழும், நாற்றம் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே முதல் வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. சென்னையின் பழைய தெருக்களில் பெரிய காரணம் தெருதான். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை இன்று தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது, சில வீடுகளில் படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. அப்படியானால் சுவரின் அடிப்பகுதி நிரந்தரமாக ஈர மண்ணுக்குள் இருக்கிறது என்று பொருள். தெருப் பக்கம் சுவரை ஒட்டி ஒரு சின்ன வடிகால், சரளைக் கல் போட்டு, தண்ணீர் சுவரைத் தொடாமல் விலகிப் போகிற மாதிரி செய்ய முடியுமா என்று பாருங்கள். இரண்டாவது, கசிகிற குழாய்களும் பின்கட்டுக் குளியலறையும். மூன்றாவது மொட்டை மாடித் தூம்பு, அதாவது மழைத்தண்ணீர் வெளியேறுகிற வழி. அங்கே ஒரு அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், வேர் சுவருக்குள் இருக்கிற வரைக்கும் துளிர்க்கும், அந்த இடத்தைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்பில் திரும்பக் கட்ட வேண்டும்.

நான்காவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை: தரை. பழைய தரை கொஞ்சம் ஆவியை விடும். அதைப் பெயர்த்துவிட்டு, கீழே கான்கிரீட் போட்டு, மேலே நீர் இறங்காத விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினால், தரை முழுக்க வெளியே போய்க்கொண்டிருந்த ஈரம் இனி ஓரத்தில் இருக்கிற சுவரைத்தான் தேடும். "டைல்ஸ் போட்ட அப்புறம்தான் சார் ஓதம் ஜாஸ்தியாச்சு" என்று பழைய வீட்டுக்காரர்கள் சொல்வது கற்பனை இல்லை.

சரி, கூரைக்கு வருவோம், என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளை ஒன்று ஒன்றரை அடி இடைவெளியில் சுவருக்குச் சுவர் போட்டு, அவற்றின் மேல் அச்சுக்கல் என்கிற மெல்லிய சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிக்கொண்டே போவது. கீழே பலகை அடைக்காமலேயே கல் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதற்கும் மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்திருப்பார்கள். மரமும் செங்கல்லும் வெயிலிலும் மழையிலும் கொஞ்சம் விரிந்து சுருங்கினாலும் சுண்ணாம்பு அதற்கு இடம் கொடுக்கும், அதனால்தான் இவ்வளவு காலம் தாங்கியிருக்கிறது. இன்று அதே அளவில் அச்சுக்கல் போட்டுத் தரக்கூடிய கைகள் குறைந்துவிட்டன. உங்கள் தலைக்கு மேலே அது முழுதாக இருக்கிறது என்றால் அதைப் பெரிய சொத்தாக நினையுங்கள்.

இந்தக் கூரையில் முதலில் கெடுவது கட்டையின் நுனி. நடுப்பகுதி காற்றில் இருப்பதால் நன்றாகவே இருக்கும், சுவருக்குள் புதைந்திருக்கிற ஓர் அடிதான் ஈரத்தில் ஊறி மட்கும், கரையானும் அங்கேதான் நுழையும். ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கட்டையின் இரண்டு முனையிலும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும், உள்ளே இறங்கினால் மட்கிவிட்டது. பத்துக் கட்டையில் மூன்று கெட்டிருக்கிறது என்பதற்காகக் கூரையையே இடிக்க வேண்டியதில்லை. முட்டுக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக மாற்றலாம், அல்லது சுவரை ஒட்டி இரும்பு ஆங்கிளோ சேனலோ கொடுத்து நுனியைத் தாங்கலாம், அல்லது பழைய கட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றைச் சேர்க்கலாம். எது பொருந்தும் என்பதைப் பழைய கட்டடங்களில் வேலை செய்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். ஆர்.சி.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) தூண், பீம் மட்டுமே பார்த்துப் பழகியவரிடம் போனால் அவருக்கு இந்தக் கூரையைக் கணக்குப் போடுகிற பழக்கம் இருக்காது, இடியுங்கள் என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருடைய படிப்பு அப்படி.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சில மாதம் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழையது, அசையவில்லை, அடைத்துவிடலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, காரணம் தெரியாமல் மேலே எதுவும் செய்யக் கூடாது.

அப்புறம் எடை. மாடி ஒழுகுகிறது என்றால் நம் ஊரில் செய்வது பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போடுவது. பத்து சென்டிமீட்டர் கனத்தில் ஜல்லி சுண்ணாம்புத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 190 கிலோ வரும். 500 சதுர அடி மாடி என்றால் கிட்டத்தட்ட 9 டன். இதை இருபது வருடத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டே போன வீடுகள் இருக்கின்றன. உங்கள் மாடியில் ஓர் ஓரத்தில் துளை போட்டு எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பாருங்கள். மேலேற்றிய அடுக்குகளைக் கவனமாக எடுத்துவிட்டு ஒரே ஒரு நல்ல அடுக்கைச் சரியான வாட்டத்தோடு போட்டாலே பாதிக் கவலை தீரும். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி என்றால் ஒரு டன் தண்ணீர், அதைக் கட்டைகளின் நடுவில் வைக்காதீர்கள். கீழே கனமான சுவர் எங்கே குறுக்கிடுகிறதோ அதற்கு மேலே, இரும்புச் சட்டம் போட்டு, எடை சுவர் வழியாக இறங்குகிற மாதிரி வையுங்கள்.

தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி மேரி கட்டடம் போதும். 1870-களைச் சேர்ந்தது, கடற்கரைச் சாலையில் அத்தனை கம்பீரமாக நின்றது, பழுதாகிக்கொண்டே வந்தது எல்லோருக்கும் தெரியும், 2014 நவம்பர் 29 அன்று அடைமழையில் சரிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். திரும்பக் கட்டியது நல்ல விஷயம்தான், ஆனாலும் அந்தப் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் போனது போனதுதான். சென்னையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடக் கதை வேறு மாதிரி. 1897-ல் அண்ணா சாலையில் எழுந்த கட்டடம், 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போய் நிறுத்தியது, 2010-ல் கட்டடத்தைக் காப்பாற்றும் தீர்ப்பும் வந்தது. இடிப்பதை நீதிமன்றம் நிறுத்தலாம், மழையை நிறுத்த முடியாது, அதற்கு யாராவது மாடியில் ஏறித் தூம்பைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மேலே சொன்ன இவ்வளவும் தெரிந்தால் ஃபால்ஸ் சீலிங்கை நான் ஏன் மறுக்கிறேன் என்று உங்களுக்கே புரியும். ஜிப்சம் பலகையால் மூடிவிட்டால் எந்தக் கட்டை ஒழுகுகிறது, எந்த நுனியில் கரையான் மண் ஏறுகிறது என்பது கண்ணுக்குப் படாது. அடியில் கறை தெரிகிற வரைக்கும் மேலே நடப்பது நடந்துகொண்டே இருக்கும். மூடாமல் விட்டால் அதுவே மாடர்ன் அறைக்கு அழகான கூரை. கட்டைகளிலிருந்து பழைய எனாமல் பெயிண்டை எடுத்துவிட்டு எண்ணெய் தேய்த்து விடுங்கள், அச்சுக்கல் வரிசைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். அதற்குக் கீழே எவ்வளவு எளிமையான, நேர்க்கோட்டு நாற்காலி மேசை போட்டாலும் பொருந்தும்.

எனாமலை எடுக்கும்போது ஒன்றில் கவனம் தேவை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவு, ஜன்னல், கட்டைகளில் இருப்பது அதற்கு முந்தைய அடுக்குகள், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வைத்து உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். குழந்தைகளை அந்த நாட்களில் உள்ளே விட வேண்டாம், ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், வேலையாட்களுக்கு முகமூடி கொடுங்கள், தூளைத் தெருவில் கொட்டாதீர்கள்.

இனி உங்கள் ஆசையான இன்டீரியர். நான் கடைப்பிடிப்பது ஒரே விஷயம்: புதிதாக வருவது எதுவும் பழைய சுவரில் சாய்ந்து நிற்கக் கூடாது, தன் காலிலேயே நிற்க வேண்டும், நாளை வேண்டாமென்றால் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட முடிய வேண்டும். மாடுலர் கிச்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளைவுட் பெட்டிகளைச் சுவரோடு சுவராக அடிக்காமல், கால் வைத்த பெட்டிகளாகச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், அல்லது சமையலறை பெரிதாக இருந்தால் நடுவில் ஒரு தீவு மேடை போட்டுச் சுவரை வெறுமையாக விடுங்கள். ஓதம் உள்ள வீட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டி நல்ல தேர்வு. சுவர் அலமாரியும் அப்படித்தான், தரையில் நிற்கிற பீரோ போதும், பின்னால் காற்று போகட்டும். பழைய சுவர்களில் ஏற்கெனவே மாடங்களும் உள்வாங்கிய அலமாரிகளும் இருக்கும், அவற்றை அடைக்காமல் ஒரு விளக்குப் போட்டால் டிசைனரின் தனி ஷோகேஸ் தேவைப்படாது.

உங்கள் கூரை பன்னிரண்டு, பதினான்கு அடி உயரம். இடம் பற்றாக்குறையாக இருந்தால் உள்ளேயே ஒரு பாதி மாடி போடலாம், படிக்க, வேலை செய்ய அருமையான இடம். ஆனால் அதன் இரும்பு பீமைப் பழைய சுவரில் ஓட்டை போட்டுச் சொருகக் கூடாது. தனி இரும்புத் தூண்கள், தனி அஸ்திவாரம், சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் இடைவெளி. மேல்தளத்தில் அதையும் செய்ய வேண்டாம், கீழ்த்தளத்தில் மட்டும். ஏ.சி. அறைக்கும் இதே யோசனை உதவும். இவ்வளவு உயரமான அறை முழுவதையும் குளிர வைப்பதற்குப் பதிலாக, பெரிய கூடத்துக்குள் லேசான சட்டத்தில் மரமும் கண்ணாடியுமாக ஒரு சின்னப் படுக்கையறையைத் தனியாக நிறுத்தலாம், அதற்கு மட்டும் ஏ.சி. குளிர்ந்த காற்று பழைய சுவரைத் தொடாது, மின்கட்டணமும் குறையும், தலைக்கு மேல் பழைய கூரையும் தெரியும். மற்ற இடங்களுக்கு நீளமான ராடு போட்ட சீலிங் ஃபேனும் கூரைக்கு அடியில் இருக்கிற அந்தச் சின்ன வெண்டிலேட்டர்களும் போதும். அவற்றை யாரோ அட்டை வைத்து அடைத்திருப்பார்கள், திறந்து வலை போடுங்கள்.

வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழையது எல்லாவற்றையும் கழற்றுங்கள், ஒரு முழம்கூட மிச்சம் வைக்க வேண்டாம், எர்த் புதிதாகப் போடுங்கள், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கட்டாயம். சுவரை வெட்டிக் குழாய் புதைப்பதற்குப் பதில் இரும்புக் கண்டியூட்டை வெளியே தெரிகிற மாதிரி நேராக ஓட்டினால் பார்க்கவும் நன்றாக இருக்கும், பழுது பார்க்கவும் சுலபம். குறிப்பாகச் சுவரில் கிடைமட்டமாக நீளக் காடி வெட்ட விடாதீர்கள், சுமை தாங்குகிற சுவர் அது.

குளியலறை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் குளியலறை வேண்டாம். ஓர் அடி ஆழத்துக்கு உடைகல் நிரப்பி அதில் குழாய் ஓட்டுகிற முறை அந்தக் கட்டைகளுக்கு எடையாகவும் ஈரமாகவும் ஒரே நேரத்தில் எமன். கொல்லைப் பக்கம் இடம் இருந்தால் பழைய கட்டடத்தை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், கீழும் மேலுமாக இரண்டு குளியலறை வருகிற மாதிரி ஒரு தனி ஆர்.சி.சி. கட்டு எழுப்புங்கள், மாடியிலிருந்து ஒரு சின்னப் பாலம் போதும். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், தொட்டி எல்லாம் அந்தப் புதுக் கட்டில் இறங்கிவிடும், பழைய வீட்டுக்குள் ஒரு குழாய்கூட ஓடாது. செலவு கூடத்தான். ஆனால் இந்த ஒரு முடிவுதான் உங்கள் வீட்டின் ஆயுளை மற்ற எல்லாவற்றையும்விட நீட்டும். அனுமதிக்கு மாநகராட்சியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தரை சிவப்பு ஆக்சைடாக இருந்தால், ஓரத்தில் கறுப்புப் பட்டையோடு, தயவுசெய்து பெயர்க்காதீர்கள். நன்றாகக் கழுவி, காய விட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தால் சில மாதத்தில் பளபளப்பு திரும்பிவிடும். கெட்டுப்போன அறைக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் போடலாம், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணம் ஊற்றிக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை. எல்லா அறைக்கும் பூப்போட்ட கல் போட்டால் கண் களைத்துவிடும், ஒற்றை நிறத்திலும் கிடைக்கிறது, மாடர்ன் அறைக்கு அதுவே அழகு.

முற்றத்துக்கு மேல் டிசைனர் போட்டிருக்கிற கண்ணாடியை அப்படியே ஏற்றுக்கொண்டால் மே மாதம் அந்த வீட்டில் இருக்க முடியாது. வீட்டின் வெப்பக் காற்று மேலே போய் வெளியேறுகிற வழி அதுதான், அதை அடைத்தால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. மழையும் திருட்டுப் பயமும் உண்மையான கவலைகள், ஒத்துக்கொள்கிறேன். கம்பியும் கொசுவலையும் போட்டு, அதற்கு மேலே நாலு பக்கமும் குறைந்தது இரண்டடி திறப்பு இருக்கிற மாதிரி தூக்கி ஒரு கூரை போடுங்கள், சாரல் கொஞ்சம் வரும், வரட்டும். அந்தக் கூரைத் தண்ணீரையும் மாடித் தண்ணீரையும் வீட்டுக் கிணற்றில் விடுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம், முற்றம் உள்ள வீட்டில் அது தானாகவே அமைந்திருக்கிறது. புதுச்சேரியில் பெருமாள் கோவில் தெருவில் இருக்கிற மேசன் பெருமாள் விடுதியை ஒருமுறை போய்ப் பாருங்கள், தமிழ் வீட்டு முற்றங்களைச் சுற்றியே இன்றைய விருந்தினர் அறைகள் அமைந்திருக்கின்றன. அப்படியே வைசியாள் வீதியிலும் நடந்துவிட்டு வாருங்கள், திண்ணையும் தாழ்வாரமுமாக வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. ஒரு தெருவே சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்கலாம்.

ஆட்கள் கிடைக்க மாட்டார்கள் என்று உங்களிடம் நிறையப் பேர் சொல்வார்கள். காரைக்குடிப் பக்கமும் புதுச்சேரியிலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், கூலி கூட, நாளும் கூட. சுண்ணாம்பை நீற்றி ஊற வைக்கவே வாரக்கணக்கில் வேண்டும், பூசிய பிறகும் காற்றிலிருக்கிற கரியமில வாயுவை உள்வாங்கி மெதுவாகத்தான் இறுகும், நனைத்த சாக்கைக் கட்டி வெயில் படாமல் காக்க வேண்டும். அந்த அவசரத்தில் யாராவது "ஒரு கை சிமெண்ட் கலந்துக்கலாமா" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய தேக்குக் கட்டை, கதவு, தூண் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தேடலாம், அளவெடுத்துக்கொண்டு போங்கள்.

இடிப்பதைப் பற்றி இன்னும் ஒன்று. இடித்தால் இன்றைய விதிகள் உங்கள் மனைக்குப் பொருந்தும். பழைய நகரப் பகுதிகளில் சில இடங்கள் தொடர் கட்டடப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்டவை, அங்கே பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. உங்கள் தெரு அதில் வரவில்லை என்றால், இருபதடி அகல மனையில் பக்கவாட்டில் விட்டது போக மிஞ்சுகிற அகலம் இப்போதிருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இடிக்கச் சொன்ன பொறியாளரிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பொதுச் சுவர் வேறு இருக்கிறது, நீங்கள் இடித்தாலும் பக்கத்து வீட்டார் இடித்தாலும் மற்றவர் சுவர் மழைக்குத் திறந்துகொள்ளும், ஆகவே வேலை தொடங்கும் முன் இருபுறத்தாரிடமும் பேசி, சுவரின் இப்போதைய நிலையைப் படமெடுத்து இருவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா சொத்து என்றால் பங்காளிகள் இருப்பார்கள், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகாமல் ஒரு மூட்டை சுண்ணாம்புகூட வாங்க வேண்டாம்.

நாள்கணக்கைப் பொறுத்தவரை, இந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வீட்டை வெறுமனே கவனியுங்கள். ஓதம் எங்கே வரை ஏறுகிறது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், எந்தக் கட்டையில் சொட்டுகிறது என்று குறியுங்கள். ஜனவரியில் கூரை, அதன் பின் வடிகால், சிமெண்ட் பூசிய இடங்களைக் கொட்டிவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, பின்கட்டுக் குளியலறை, வயரிங். கையில் இருக்கிற பணத்தில் பாதியை இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு ஒதுக்குங்கள், கால் பங்கை எதிர்பாராத செலவுக்கு. சமையலறை, விளக்கு, மேசை நாற்காலி எல்லாம் மீதிக் கால் பங்கில், அடுத்த மழை ஒன்றைப் பார்த்த பிறகு. டிசைனரை விட்டுவிட வேண்டாம், பென்சில் கோடுகள் இருக்கிற சுவர்ப் படங்களை அவரிடம் கொடுத்து, அந்தச் சுவர்களைத் தொடாமல் மறுபடி வரையச் சொல்லுங்கள். கட்டை நுனிகளைத் தட்டிப் பார்த்த பிறகு எத்தனை மட்கியிருக்கிறது என்று எழுதினால், முட்டு எங்கிருந்து கொடுக்க ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.